சுடுமண் முகங்கள்

சிலைகளை யாரும் சாக்கால் மூடுவதில்லை. கஸ்பருக்கு அது நன்றாகத் தெரியும். லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கத்துப் பங்குக் கோயிலில் பதினேழு வருடங்களாகச் சுரூபங்களைத் துடைத்து, உடைந்த விரல்களை ஒட்டி, உதிர்ந்த நிறத்தைத் தொட்டுப் பூசி வருகிறவர் அவர். மூடுவதென்றால் பழைய பருத்தி விரிப்பால் மூட வேண்டும். சாக்கு நார் உதிர்க்கும். ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மூக்கு நுனியை அராவிவிடும். ஆனால் இந்த வீட்டின் முன்மண்டபத்தில், இரண்டு சுவரோரமும் உயரமான பீடங்களில் நின்ற மார்பளவுச் சிலைகள் அத்தனைக்கும் தலையில் சாக்குப் போட்டுக் கழுத்தில் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது.

"தூசிக்கு" என்றாள் கதவைத் திறந்த பெண், அவர் கேட்காமலே. "திங்கட்கிழமையில ஆக்கள் வாறேல்லை. அதால மூடி விடுறது. நாங்கள் போகப் போக ஒவ்வொண்டா அவிழ்ப்பம்."

கஸ்பர் தலையாட்டவில்லை. "ஓம்" என்று மட்டும் சொன்னார். எதற்கும் தலையாட்டாமல் வாயால் பதில் சொல்வது அவருடைய பழக்கம். வீட்டிலும் கோயிலிலும் எல்லோரும் கவனித்து, கேலி செய்து, பிறகு மறந்துவிட்ட பழக்கம்.

இந்தப் பயணம் மகள் பெனிற்றாவின் பரிசு. அப்பாவின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சட்டையும் சென்ட்டும் வாங்கிக் கொடுத்துச் சலித்துப்போய், இணையத்தில் தேடி இதைக் கண்டுபிடித்திருந்தாள். சவுத் கென்சிங்டன் பக்கத்துச் சதுக்கம் ஒன்றில், எப்போதோ செத்துப்போன ஒரு செல்வந்தர் தன் வீட்டையே மியூசியமாக விட்டுப் போயிருந்தார். முழுக்க இத்தாலிய மறுமலர்ச்சிக் காலச் சிற்பங்கள். தனியாட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள், தமிழ் கதைக்கிற வழிகாட்டி ஒருவர் கூட இருக்கிறார் என்று போட்டிருந்ததாம். "அப்பா, யூ வில் லவ் இட். உங்கட சுரூபங்களின்ர பூட்டன்மாரெல்லாம் அங்க தான் நிக்கினம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வழிகாட்டிக்கு நாற்பதுக்கு மேல் இருக்கலாம். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த தலை. அவள் பேசியது லண்டனில் கேட்கிற தமிழ் இல்லை. மன்னார்க் கரைப் பக்கத்துத் தமிழ்; அதிலும் சொல்லின் கடைசியை மெல்ல இழுத்து விடுகிற, முப்பது வருடங்களாக அவர் காதில் விழாத, அவருடைய சொந்த ஊர்ப் பேச்சு. எந்த இடம் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. லண்டன் வந்த நாளிலிருந்து யாரிடமும் ஊர் கேட்காமலும் தன் ஊரைச் சொல்லாமலும் பழகிய வாய் தானாகவே மூடிக்கொண்டது.

"வாங்கோ அண்ணை. நேரம் மூண்டரை. நாலு மணிக்கு இருட்டிப்போடும். கண்ணுக்கு வெளிச்சம் இருக்கேக்கை கொஞ்சம் பாப்பம்."

முதல் அறை நீளமாக, தாழ்ந்த கூரையுடன் இருந்தது. மெழுகு பூசிய மரத்தரை. வெப்பமூட்டி ஓடவில்லை போலும், மூச்சு புகையாக வந்தது. மெழுகு மணத்துக்கும் பழைய கல்லின் குளிர்ந்த மணத்துக்கும் அடியில் இன்னொரு மணம் இருந்தது. மழையில் நனைந்து வெயிலில் அரைகுறையாகக் காய்ந்த சாக்கின் மணம். அவள் ஒரு பீடத்தின் முன் நின்று கயிற்றை அவிழ்த்தாள். அவசரமில்லாமல், பழகிய விரல்களால், தூங்குகிற பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போல. சாக்கு வழுகி விழுந்தது. சுருக்கம் விழுந்த கன்னங்களும் இறுகிய உதடுமாக ஒரு கிழவரின் முகம்.

"ஃப்ளோரன்ஸில பட்டு வித்த ஆள். இது கல்லில்லை, சுடுமண். செய்த விதம் தெரியுமோ?" அவள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். "ஆள் செத்த உடன முகத்தில எண்ணெய் தடவி, சாந்து பூசி அச்செடுப்பினம். அந்த அச்சுக்குள்ள மண்ணை அமத்தி எடுத்துச் சுடுறது. அதால பாருங்கோ, தாடை கொஞ்சம் கீழ விழுந்து கிடக்கு. கன்னம் உள்ள போயிருக்கு. கண்ணை மட்டும் பிறகு சிற்பி கத்தியால திறந்து விடுவார்."

கஸ்பர் குனிந்து பார்த்தார். நல்ல வேலை. இமையின் ஓரத்தில் கத்தி போன தடம் கூடத் தெரிந்தது. தொழில் தெரிந்தவனின் மகிழ்ச்சி ஒரு கணம் வந்தது. பிறகு, தான் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பிணத்தின் முகம், அது கண்ணைத் திறந்து தன்னைப் பார்க்கிறது என்ற எண்ணம் அந்த மகிழ்ச்சியின் மேல் மெல்ல ஏறி உட்கார்ந்தது.

"செத்த ஆளுக்குக் கண்ணைத் திறந்து விடுறது நல்லதோ தெரியாது" என்றார், சிரிக்க முயன்று.

"அவை கேட்டால் திறந்து விடத் தானே வேணும்" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. கேட்கத் தொடங்கியது என்பதைவிட, வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே எங்கோ நகராமல் நின்ற வண்டியொன்றின் டீசல் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கனமான வண்டி. தரைப்பலகை வழியாக அதன் அதிர்வு அவருடைய சப்பாத்துக்குள் ஏறியது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். சதுக்கத்தில் இலை உதிர்ந்த மரங்கள், ஈர நடைபாதை, நாயைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. வண்டி எதுவும் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

அறையை விட்டுப் போகும்போது முன்மண்டபம் திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. வந்தபோது சாக்குத் தலைகள் இரண்டு வரிசையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது அவை எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. அல்லது அப்படித் தோன்றியது. முகமே தெரியாத ஒன்று எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படிச் சொல்வது? கஸ்பர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: வெளிச்சம் குறையுது. வேற ஒண்டுமில்லை.

இரண்டாவது அறையில் ஒரேயொரு சிற்பம் தான் இருந்தது. சுவர் அளவுக்குப் பெரிய சலவைக்கல் பலகை. அவள் மேலே தொங்கிய சாக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். மாதா தன் போர்வையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்திருந்தார். அதன் நிழலில், அவருடைய முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன மனிதர்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். கஸ்பரின் கை சிலுவை அடையாளம் போட நெற்றிக்குப் போனது. பாதியில் நின்றது.

அந்த மனிதர்களுக்கு முகம் இல்லை. எல்லோருடைய தலையும் கூரான துணி முக்காட்டுக்குள் இருந்தது. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

"இவை ஒரு சகோதர சபை" என்றாள் அவள். இப்போது அவருக்குப் பின்னால் நின்று பேசினாள். "அந்தக் காலத்தில இத்தாலியில இப்பிடிக் கன சபைகள் இருந்தது. மரண தண்டனை விதிச்ச ஆளைக் கொண்டு போகேக்கை இவை பக்கத்தில நடந்து போவினம். சின்னதா ஒரு சாமிப் படத்தை அந்த ஆளின்ர முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு போவினம். தூக்குமரம் கண்ணில படக்கூடாதெண்டு."

"முகத்தை ஏன் மூடினவை?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகுதான் அது தெரிந்தது.

"செய்யிற புண்ணியம் ஆர் செய்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாதாம்." என்ஜின் உறுமியது. "எங்கட பக்கத்தில அது வேற விதம், என்ன அண்ணை?"

கஸ்பரின் முதுகில் வியர்வை பிறந்து, குளிரில் உடனே ஆறி, சட்டையோடு ஒட்டியது. கல்லில் துளைத்திருந்த கண் ஓட்டைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழமாகத் துளைத்திருந்தார்கள். கல்லுக்குள் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும், ஏதோ ஈரமாக மினுங்கியது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பெனிற்றாவின் செய்தி.

"அப்பா, மியூசியத்தில இருந்து கோல் பண்ணினவை. கைட்டுக்குச் சுகமில்லையாம். டுவர் கான்சல். பில்டிங் லொக் பண்ணிக் கிடக்காம். நீங்க வாசலிலயா நிக்கிறியள்? குளிருக்க நிக்காதைங்கோ. நான் ஒபிஸால வெளிக்கிட்டிட்டன், வந்து பிக்கப் பண்றன்."

இரண்டு தரம் வாசித்தார். எழுத்துகள் மாறவில்லை. செய்தி அரை மணிக்கு முன் அனுப்பப்பட்டிருந்தது.

அவருக்குப் பின்னால் துணி உரசும் சத்தம். அவள் இன்னும் அங்கேதான் நின்றாள்.

"மகளோ?" என்றாள்.

"ஓம். அவ... என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறாவாம். நான் வெளிக்கிடுறன், தங்கச்சி. மிச்சத்தை இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

"வரட்டும். கதவு திறந்து தான் கிடக்கு."

கஸ்பர் நடந்தார். ஓடவில்லை, ஓடினால் பயம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். வந்த கதவால் போனார். நீளமான அறை, தாழ்ந்த கூரை, பட்டு வியாபாரி. அதற்கு அடுத்த கதவு முன்மண்டபம். திறந்தார். சுவர் அளவுக்குப் பெரிய சலவைக்கல் பலகை. விரித்த போர்வை. முழந்தாளிட்ட முக்காடுகள். அவள்.

திரும்பவும் போனார். இந்த முறை வேகமாக. மெழுகுத்தரை சப்பாத்தை வழுக்கியது. நீளமான அறை. கதவு. போர்வை. முக்காடுகள். அவள் அதே இடத்தில், கைகளை முன்னால் கட்டியபடி, நோயாளி மருந்து குடிக்கும்வரை காத்திருக்கிற தாதியைப் போலப் பொறுமையாக.

போனை எடுத்தார். வராதே என்று அடித்தார். உள்ளே வராதே. ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது. இரண்டாவது விழவேயில்லை. மகளுக்கு அடித்தார். காதுக்குள் மணி கேட்கவில்லை. டீசல் என்ஜின் கேட்டது.

"நீங்கள் ஆர்?" என்றார்.

"நிர்மலா" என்றாள் அவள். "லீனஸின்ர தங்கச்சி."

அந்தப் பெயரைக் கடைசியாக யாராவது தன் முன்னால் சொன்னது எப்போது என்று கஸ்பருக்கு நினைவில்லை. அவர் மனைவி கத்தரினுக்குக் கூட அந்தப் பெயர் தெரியாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில், மூன்று நாடுகளில், நான்கு குருமாரிடம் அவர் தன் பாவங்களைச் சொல்லியிருக்கிறார். அதில் ஒருமுறை கூட இது வந்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. கஸ்பருக்கு இருபத்தொரு வயது. ஊரைச் சுற்றி வளைத்த இராணுவம் அவரைப் பிடித்துப் போய் முகாமில் மூன்று நாள் தலைகீழாகக் கட்டி அடித்தது. நாலாம் நாள் விடிய, ஓட்டை வெட்டிய சாக்கு ஒன்றைத் தலையில் போட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற ட்ரக் வண்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். என்ஜினை நிற்பாட்டவில்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் வரிசையில் ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து நின்று, அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் நின்றவன் முதுகில் விரலால் தட்டினால் தலையாட்ட வேண்டும். தலையாட்டினால் முன்னால் நிற்கிறவன் இயக்கக்காரன் என்று அர்த்தம். தட்டுக்கெல்லாம் ஆட்டினார். யார் எந்த இயக்கம் என்று அவருக்குத் தெரியாது. அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேர்.

பிறகு லீனஸ் வந்தான். கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். அந்த வருடம் பெரிய வெள்ளி அன்று, நிறைந்த கோயிலில், பாடிக்கொண்டிருந்த கஸ்பரின் குரல் உடைந்தபோது ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து சிரித்தவன். முதுகில் தட்டு விழவில்லை. லீனஸ் அரை அடி எடுத்து வைத்துத் தாண்டிப் போகப் பார்த்தான்.

கஸ்பர் தலையாட்டினார்.

பதினொரு பேரும் அதே வண்டியில் ஏற்றப்பட்டார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. லீனஸின் தாய் ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்தபடி நாளும் முகாம் வாசலுக்குப் போய் நின்றாளாம். இரண்டு வருடம் கழித்து, இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில் குண்டு விழுந்து தாயும் பிள்ளையும் செத்துப்போனார்கள் என்று கொழும்பில் விமானத்துக்குக் காத்திருந்தபோது யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபோது கஸ்பரின் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. இனிக் கேட்க ஆளில்லை.

பதினொரு வயதில் செத்த பிள்ளை. இவளுக்கு நாற்பதுக்கு மேல். செத்த பிள்ளைகள் வளர்வதில்லை.

"இன்னும் ஒரு அறை கிடக்கு, அண்ணை" என்றாள் நிர்மலா. "உங்களுக்கெண்டு தான் வச்சிருக்கு."

அவருடைய கால்கள் போயின. அவர் நடக்கவில்லை, கால்கள் போயின. சலவைக்கல் பலகைக்குப் பக்கத்தில், முன்பு கவனிக்காத ஒரு கதவு. அதற்கப்பால் படிகள் இறங்கின. சாக்கு மணம் மூச்சை அடைத்தது. அதோடு இப்போது வியர்வையும், டீசலும், மைதானத்துச் செம்மண்ணில் வெயில் ஏறும் மணமும். லண்டனில், கார்த்திகை மாதத்தில், நிலத்துக்குக் கீழே, வெயில் மணம்.

கீழறை பெரியது. நடுவில் ஆளுயரச் சுடுமண் உருவங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் சாக்குப் போட்ட தலைகள். வரிசையின் கடைசியில் மட்டும் ஒன்று மூடப்படாமல் நின்றது. ஒரு தாய். ஓடி வந்த வேகத்தில் சேலை பின்னால் பறக்க, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வாயை இதற்கு மேல் திறக்க முடியாது என்கிற அளவுக்குத் திறந்திருந்தாள். தொண்டைக்குழி வரை தெரிந்தது. சத்தமில்லாத அந்தக் கத்தல் அறை முழுக்க நிறைந்திருந்தது. பள்ளிக்கூட வாசலில், முகாம் வாசலில், எந்த வாசலிலோ நின்று கத்திய கத்தல்.

"இத்தாலியில செத்த யேசுவைச் சுத்தி நிண்டு அழுகிற ஆக்களை இப்பிடித் தான் மண்ணில செய்து வைப்பினம்" என்றாள் நிர்மலா. வழிகாட்டியின் குரல் மாறவேயில்லை. "இதில நடுவில உடம்பு இல்லை. எங்களுக்கு உடம்பு கிடைக்கேல்லை."

முதல் கயிற்றை அவிழ்த்தாள். மீன்வாடிக்காரப் பேதுரு. இரண்டாவது. தபால்காரர். மூன்றாவது, நான்காவது. செத்த பிறகு அச்செடுத்த முகங்கள். தாடை விழுந்து, கன்னம் குழிந்து, நெற்றியில் ஓட்டை விழுந்த முகங்கள். கண்களை மட்டும் யாரோ பிறகு திறந்து விட்டிருந்தார்கள். பத்தாவது. பதினோராவது.

லீனஸ் சிரித்துக்கொண்டிருந்தான். இல்லை, உதடு கிழிந்திருந்தது. அதனால் அப்படி.

"தங்கச்சி, என்னைக் கேளுங்கோ" என்றார் கஸ்பர். முழந்தாளிட்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "மூண்டு நாள் அடிச்சவங்கள். நகத்தைப் பிடுங்கினவங்கள். நான் சின்னப் பெடியன். எனக்கு வேற வழி தெரியேல்லை."

"தெரியும். பத்துப் பேருக்கு நீங்கள் அடிக்குப் பயந்து ஆட்டினியள். அதை அந்தப் பத்துப் பேரும் உங்களிட்டைக் கேப்பினம். நான் கேக்கேல்லை." அவள் கையில் ஒரு சாக்கு இருந்தது. "லீனஸ் அண்ணைக்கு ஏன் ஆட்டினியள்? உங்கட முதுகில ஒருத்தனும் தட்டேல்லையே."

முப்பத்துநாலு வருடம். ஒரு தரமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் ஒரு மூலை எப்போதும் ஏங்கியிருக்கிறது. இப்போது அது தானாக வெளியே விழுந்தது.

"அவன் சிரிச்சவன்."

நிர்மலா சாக்கின் வாயை விரித்தாள்.

"பெரிய வெள்ளியண்டு நான் பாடேக்கை அவன் சிரிச்சவன். அவ்வளவு தான். வேற ஒண்டும் இல்லை." அழுதார். "ஒவ்வொரு நாளும் அவனுக்காக மன்றாடுறன், தங்கச்சி. ஒரு நாள் விடேல்லை."

"தெரியும்" என்றாள் நிர்மலா. "கேட்டுக்கொண்டு தான் இருந்தனாங்கள்."

சாக்கு தலைக்கு மேலே வந்தது. அவர் கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தார். கை உயரவில்லை. குனிந்து பார்த்தார். விரல்கள் கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்தன. எப்போது கதிரையில் உட்கார்ந்தார்? விரல்கள் செம்மண் நிறமாக இருந்தன. உலர்ந்து, மணிக்கட்டுவரை நுண்ணிய வெடிப்பு ஓடியிருந்தது. பூச்சு வேலை தெரிந்தவர் அவர்; அது எந்தப் பதத்து மண் என்று கூட அவருக்குத் தெரிந்தது. பிறகு இருட்டு. நாரின் உரசல். மூக்கின் மேல், உதட்டின் மேல். இரண்டு ஓட்டைகள். அந்த இரண்டு ஓட்டைகளின் அளவுக்கு உலகம்.

கழுத்தில் கயிறு இறுகியது. அவசரமில்லாமல்.

மேலே எங்கோ கதவு திறந்தது.

"அப்பா?"

வேண்டாம்.

"அப்பா, ஆர் யூ இன் ஹியர்? கதவு திறந்து கிடக்கு..."

வேண்டாம் பிள்ளை. வேண்டாம். கத்தினார். நாக்கு அசையவில்லை. நாக்கிருந்த இடத்தில் ஒரு கட்டி. உலர்ந்த மண்ணின் சுவை.

காலடிகள். மரத்தரை. நீளமான அறை. பட்டு வியாபாரிக்கு முன்னால் ஒரு கணம் நின்றன. ரசித்திருப்பாள். பிறகு மீண்டும் காலடிகள். பலகையைத் தாண்டி. படிகளில். ஒன்று. இரண்டு. மூன்று.

பெனிற்றா வந்தாள். ஒபிஸ் உடுப்பு, சிவப்புக் குளிரங்கி, மழையில் நனைந்த முன்முடி. கையில் போன் வெளிச்சம். சிலைகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அவளுக்கு இதெல்லாம் பிடிக்கும். சின்ன வயதில் கோயிலில் சுரூபங்களுக்கு நிறம் பூசும்போது தூரிகையைக் கழுவித் தந்தவள். பிறகு கதிரையில் உட்கார்ந்திருந்த ஆளைக் கண்டாள். பயந்தாள், அதை மறைத்துக்கொண்டு மரியாதையாகச் சிரித்தாள்.

"ஓ, சொறி. நீங்கள் இங்க வேலை செய்யிற ஆளோ? என்ர அப்பாவைக் கண்டனீங்களோ? கொஞ்சம் உயரம். கறுப்பு ஜாக்கெட்."

போன் வெளிச்சத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

ஒரு அடி கிட்ட வந்தாள். இன்னொரு அடி. சுடுமண் உருவங்கள் இரண்டு வரிசையாக நின்றன. முன்பு ஒரு வரிசை. இப்போது இரண்டு. அவள் நடுவில். அவள் அதைக் கவனிக்கவில்லை. சாக்கின் இரண்டு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிரிப்பு மெல்ல, ஓரத்திலிருந்து, கலைந்தது.

"அப்பா?" என்றாள். மிகச் சின்னக் குரலில். "உது நீங்களோ?"

அவருடைய முதுகுக்குப் பின்னால் நிர்மலா குனிந்தாள். சாக்கோடு சாக்காக, காதுக்குள், குளிர்ந்த மூச்சு.

"இவவோ, அண்ணை?"

இல்லை. இல்லை. கழுத்தை இறுக்கினார். உடம்பு முழுக்க மண்ணாகிப் போனதில் இன்னும் அவருக்கென்று மிஞ்சியிருந்தது கழுத்து மட்டும்தான். அதை முழுப் பலத்தோடு பிடித்தார். இல்லை என்று அசைக்கப் பார்த்தார். இடமும் வலமும். ஒரு தரம். ஒரே ஒரு தரம்.

முதுகில் யாரும் தட்டவில்லை.

தலை கீழே போனது. மேலே வந்தது. கீழே போனது.

பெனிற்றா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், நீட்டிய கைகளோடு நின்ற மண் தாயின் வாய் மெதுவாக மூடியது.